வறுத்த உப்பும் காளையின் கையும்

வேலை முடிந்து வெளியே வரும் காளைக்கு யாரும் கை கொடுக்க மாட்டார்கள். "மீன் பெட்டிக்குள்ள கையை விட்ட மாதிரி இருக்குடா மாப்ள" என்று கூட வேலை பார்க்கும் பேயாண்டி தூரத்திலிருந்தே கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவான். காளை விடமாட்டான். பின்னாலேயே போய் அவன் சட்டைக் காலருக்குள் விரலை விட்டு, பேயாண்டி துள்ளுவதைப் பார்த்துச் சிரிப்பான்.

வாடிப்பட்டி போகும் நாலுவழிச் சாலையோரம் ஒரு ஐஸ்கிரீம் கம்பெனியின் கிடங்கில் அவனுக்கு வேலை. வெளியே தார் இளகுகிற வெயில் அடிக்கும். உள்ளே மூக்கு முடி விறைத்துக்கொள்கிற குளிர். அந்தக் கிடங்கை அவர்கள் 'ரூம்' என்றுதான் சொல்வார்கள். ஜெர்கின், குரங்குக் குல்லா, முழங்கால் வரைக்கும் பூட்ஸ் எல்லாம் கம்பெனி கொடுத்திருந்தது. கையுறையும் கொடுத்திருந்தது. ஆனால் பெட்டியில் ஒட்டுகிற லேபிளைக் கையுறையோடு உரிக்க முடியாது. உரித்தால் கிழியும், கிழிந்தால் லாரி நிற்கும். அதனால் ஷிப்ட் முழுக்க அவன் வலது கை வெறும் கையாகவே இருக்கும். கொஞ்ச நேரம் உள்ளே, கொஞ்ச நேரம் வெளியே வந்து ஒரு டீ, மறுபடியும் உள்ளே. பல வருஷமாக அப்படித்தான்.

அவனுடைய அக்கா சோலையம்மாள் ஆனையூரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்து ரவிக்கை தைத்தாள். எட்டாவதோடு படிப்பு நின்றவள். அம்மா சாகும்போது காளைக்கு நடை வரவில்லை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சோறு பொங்கி, அவனை ஆளாக்கியவள் இவள்தான். கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவரவில்லை, பிள்ளையும் இல்லை. தைக்கக் கொடுக்க வரும் பெண்களிடம் எங்கே பேச்சைத் தொடங்கினாலும் தம்பியில் கொண்டுபோய்த்தான் முடிப்பாள்.

"எங்க வகையறாவுல மாசம் பொறந்தா சம்பளம்னு வாங்குன மொத ஆளு அவன்தான். ஷிப்ட் லீடர். அவன் கையெழுத்து இல்லாம ஒரு லாரி கேட்டைத் தாண்டாது, தெரியுமா?"

தெருவில் எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. பல தடவை தெரிந்திருந்தது.

தொழிலில் அவள் படு கண்டிப்பு. அளவெடுக்க டேப்பைச் சுற்றியதும் சில பெண்கள் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். சோலையம்மாள் டேப்பை இறக்கிவிட்டு நிற்பாள். "மூச்சை விடு ஆத்தா. நீ எக்குனா டேப்பு என்ன செய்யும்? நீ காட்டுனதத்தான் அது காட்டும். அப்புறம் கொக்கி மாட்டலைன்னு என்கிட்டதான வந்து நிப்ப?" அவர்கள் சிரித்துக்கொண்டு மூச்சை விட்ட பிறகு, முதலில் இருந்து திரும்ப எடுப்பாள்.

கொரோனா அடங்கிய பிறகு கம்பெனியில் வருஷா வருஷம் மருத்துவ முகாம் வைக்க ஆரம்பித்தார்கள். நாற்பதைத் தாண்டிய ஆட்கள் கட்டாயம் வரவேண்டும். ரத்தம் குத்தி எடுக்கிற வேலை எல்லாம் இல்லை. ஒரு சின்ன மிஷின். அதில் விரலைச் செருகினால் சிவப்பு வெளிச்சம் தோலுக்குள் பாயும். ஒவ்வொரு துடிப்புக்கும் விரலுக்குள் ரத்தம் ஏறி இறங்குவது கம்ப்யூட்டரில் அலையலையாக ஓடும். அதை வைத்து ஆக்சிஜன் எவ்வளவு, ரத்தக்குழாய் எவ்வளவு விறைத்திருக்கிறது என்றெல்லாம் அது கணக்குப் போட்டுச் சொல்லும். கடைசியில் 'ரத்தக்குழாய் வயசு' என்று ஒரு எண் வரும். சினிமா ரிசல்ட் பார்ப்பதுபோல எல்லாரும் அதைத்தான் எட்டிப் பார்ப்பார்கள்.

முதல் முகாமில் காளை ரூமிலிருந்து நேராகப் போய் விரலைச் செருகினான். அலையே எழும்பவில்லை. கோடு தரையோடு தரையாகப் போயிற்று. ஆக்சிஜன் எண்பத்துச் சொச்சம் என்று வந்தது. ரத்தக்குழாய் வயசு, அவன் செத்துப்போன அப்பாவின் வயசைக் காட்டியது. பக்கத்தில் நின்ற மேனேஜர் முகம் மாறிவிட்டது. "இவரை ரூமுக்குள்ள விடலாமா சிஸ்டர்?" என்று கேட்டார்.

கம்பெனி நர்ஸ் ரம்யாஸ்ரீ, சௌராஷ்டிரப் பெண், கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து போகிறவள். அவள் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் காளையின் விரலைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏண்ணே, ரூம்ல இருந்து நேரா வாரீங்களா?"

"ஆமம்மா. லோடு நிக்குது. சட்டுன்னு முடிச்சு விடுங்க."

"அப்ப இது உங்க நெஞ்சு இல்லண்ணே, உங்க குளுரு. உக்காருங்க. ஒரு டீ சொல்லுங்க. குடிக்கக் கூடாது, கையில வச்சுக்கங்க."

டீ ஆறும் வரைக்கும் அவன் டம்ளரைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "குடிக்கிற டீயக் கொஞ்சிக்கிட்டு இருக்காம்ப்பா" என்று பேயாண்டி வரிசையில் நின்றபடி சத்தம் கொடுத்தான். அடுத்த தடவை விரலைச் செருகியபோது அலை குதித்துக்கொண்டு ஓடியது. ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு. ரத்தக்குழாய்க்கும் அவனுக்கும் ஒரே வயசு.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆனையூருக்கு வந்து அக்காவிடம் அவன் அதைச் சொன்ன விதமே தனி.

"அக்கா, நம்ம பெரியாறு வாய்க்கா மாதிரிதான். தண்ணி பத்தலைன்னா மொதல்ல எங்க அடைப்பான்?"

"கடைமடைக்குப் போறத."

"அதேதான். குளுருல ஒடம்பு சூட்டைக் காப்பாத்தணும்ல? வெரல் நுனிக்குப் போற மடையை அடைச்சுப்புடுது. மிஷினு பாக்குறது வெரலை மட்டுந்தான். வயக்காடு காஞ்சு கெடக்குன்னு ரிப்போட்டு போட்டுருது. அணையில தண்ணி ரொம்பி நிக்கிறது அதுக்கு எப்படித் தெரியும்?"

சோலையம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. எம்புட்டுத் தெளிவாக விளங்கி வைத்திருக்கிறான்! ஆனால் அதோடு விடுகிற ஆள் இல்லை அவள். டீ டம்ளர் சரிப்பட்டு வராது என்று பட்டது. சூடு உள்ளங்கைக்குத்தான் போகும், விரல் நுனிக்குப் போகாது. ஷிப்டில் இருக்கிற அத்தனை பேரும் டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேலை நடக்குமா? சளி பிடித்த பிள்ளைக்குக் கல்லுப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தவள்தானே. ரவிக்கை லைனிங் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, விரல் ஐந்தும் புகுந்துகொள்கிற மாதிரி ஒரு பை தைத்தாள். உப்புக் கொட்டாமல் இருக்க இரட்டைத் தையல். வறுத்த உப்பை நிரப்பித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கன்னம் தாங்குகிற சூடுதான் கணக்கு.

மறுவருஷ முகாமுக்கு அந்த உப்புப் பொட்டலம் ஷிப்ட் முழுக்கப் போயிற்று. கேன்டீன் அடுப்பில் வாணலியை வைத்து உப்பை வறுத்துப் பையில் போட்டு, ரூமிலிருந்து வருகிற ஒவ்வொருவனும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். யாருக்கும் பொய்யான ரிசல்ட் வரவில்லை. 'அக்கா உப்பு' என்றே அதற்குப் பேர் நின்றுவிட்டது. "சோலையக்கா, வீட்டுல எனக்குச் சோறே போடுறதில்ல, உங்க உப்பைத் தின்னுதான் உசுரோட இருக்கேன்" என்று பேயாண்டி போனில் கூப்பிட்டுச் சொன்னான்.

ரம்யாஸ்ரீக்கும் அது பிடித்திருந்தது. ஆனால் ஒன்று மட்டும் ஷிப்டை நிறுத்தி வைத்துச் சொன்னாள். "அண்ணே, இது ரூம் குளுருக்குத்தான். லீவு போட்டு வீட்ல இருக்கும்போதும் கை இப்படிச் சில்லுன்னு இருந்தா, உப்பைத் தொடக் கூடாது. வெறுங்கையோட என்கிட்ட வரணும்."

காளை அதையும் அக்காவிடம் வந்து, அந்தப் பெண்ணைப்போலவே தலையை ஆட்டிப் பேசிக் காட்டினான். "லீவுல எவனுக்குக்கா கை குளுரும், மதுரை வெயில்ல?" இருவரும் சிரித்தார்கள்.

ரூமுக்குப் பொறுப்பாளராக ஒருவரை நிரந்தரமாகப் போடப்போகிறார்கள் என்ற பேச்சு இந்தத் தைக்கு முன்னால் கிளம்பியது. கண்ணாடி அறை, தனி நாற்காலி, பேர் எழுதிய பலகை. காளைக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். முகாமில் உடம்பு சரியாக இருக்கிறது என்று வந்தால் போதும். வராவிட்டால் பொறுப்பும் இல்லை, ரூமும் இல்லை. வெளியே ஏற்றுக்கூலி ஆட்களோடு நிற்க வேண்டியதுதான். சோலையம்மாள் தெருவில் அதைச் சொல்லி முடித்துவிட்டாள். பலகையில் 'மு. காளை' என்று போடுவார்களா, 'காளை மு.' என்று போடுவார்களா என்பதுதான் அவளுக்குப் பாக்கி இருந்த யோசனை.

அந்தக் காலத்தில்தான் காளை பேன்ட்டின் இடுப்பைப் பிரித்துவிடச் சொல்லி அக்காவிடம் கொண்டு வந்தான். பிரித்துத் தைத்துக் கொடுத்தாள். ஒரு மாசம் கழித்து மறுபடியும் கொண்டு வந்தான்.

"என்னடா, துணி பத்தாது போல. பதவி வர்றதுக்கு முன்னாடியே வயிறு வந்துருச்சு."

"ஆபீசர் தொந்திக்கா" என்று வயிற்றைத் தட்டினான் அவன்.

அவள் சந்தோஷமாகப் பிரித்தாள். ஒட்டுத்துணி வைத்து, வெளியே தெரியாதபடி பின்பக்கம் முக்கோணமாகச் சேர்த்தாள். அவளுடைய தையலில் அது ஒரு நல்ல தையல்.

மாடிப்படி ஏறி வரும்போது நடுவில் நின்றான். சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் ரப்பர் பதிந்த தடம் குழியாக நின்றது. நாளெல்லாம் நிற்கிற வேலை, அப்படித்தான் இருக்கும் என்றான். மாசி பிறந்து வெயில் ஏறிய ஒரு நாள், இரண்டு நாள் லீவில் இருந்தவன் வந்து அக்கா கையிலிருந்து தண்ணீர்ச் செம்பை வாங்கினான். விரல் பட்டதும் சோலையம்மாள் செம்பை விட்டுவிடப் பார்த்தாள்.

"என்னடா கை இப்படி?"

"தொழில் கைக்கா. வருஷக்கணக்கா ரூம்ல ஊறிப்போச்சு."

ஊறிப்போனது என்ற சொல் அவளுக்குச் சரியாகத்தான் இருந்தது. சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறவன் நகத்துக்குள் சாயம் ஏறி நிற்பதில்லையா? அப்படிக் குளிரும் ஏறி நிற்கும்போல.

காளையின் மனைவி நாகஜோதி அதிகம் பேசாதவள். அவளே ஒரு நாள் போன் செய்தாள். "மதினி, உங்க தம்பி படுத்தா மூச்சு முட்டுதுன்னு தலைக்கு ரெண்டு தலகாணி வச்சுக்கிறாரு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்னா கேக்க மாட்டேங்கிறாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

சோலையம்மாள் சொல்லத்தான் செய்தாள். காளை, "முகாம் வருதுல்லக்கா? அந்த மிஷின் பாத்துச் சொல்லிரும். அதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி சீட்டோட போய் நின்னா, சீக்காளின்னு கம்பெனியிலயே எழுதிருவாய்ங்க" என்றான். அதுவும் அவளுக்கு நியாயமாகப் பட்டது. "முகாம்ல பாத்துக்கிரட்டும் நாகு. அத விட என்ன ஆஸ்பத்திரி?" என்று திருப்பிச் சொன்னாள்.

முகாமுக்கு முதல் நாளே அவள் பஸ் ஏறித் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். காலையில் புது வாணலியை வைத்து உப்பை வறுத்தாள். அன்றைக்கு அவனுக்கு வார லீவு. ரூமுக்குள் காலை வைக்கவில்லை. வீட்டிலிருந்து நேராக முகாமுக்குப் போவதாக இருந்தான். ஆனாலும் அவன் கையைப் பிடித்துப் பார்த்தபோது, பம்பு செட்டுத் தொட்டியில் விடிகாலை அளைந்துவிட்டு வந்த கை மாதிரி இருந்தது.

"ரூமுக்குப் போகலையேடா?"

"பயத்துல குளுருதுக்கா. பதவின்னா சும்மாவா?"

இரண்டு பையிலும் உப்பை நிரப்பினாள். வழக்கத்தைவிட ஒரு சூடு கூட வைத்தாள். அவன் தாங்கிக்கொண்டான். இரண்டு கையையும் உள்ளே விட்டு, மேலே ஒரு துண்டைச் சுற்றி, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள்போல மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். நாகஜோதி வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, வெறுங்கையோட போகட்டுமே. உள்ளதைக் காட்டட்டுமே."

"உள்ளதைக் காட்டத்தாண்டி உப்பு. அன்னைக்கி வெறுங்கையோட போயி கெழவன் வயசு காட்டுனது தெரியும்ல? ஒரு பொட்டலம் இல்லாட்டி என் தம்பிய வெளிய நிறுத்திருப்பாய்ங்க."

பேயாண்டி பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான். பின்னால் உட்கார்ந்து, இரண்டு கையையும் உப்புப் பைகளுக்குள் விட்டபடி காளை போனான். "கைதியக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்குடா" என்ற பேயாண்டியின் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

ரம்யாஸ்ரீ பிரசவ லீவில் இருந்தாள். மிஷினோடு வந்த ஆள் வெளியூர். அவனுக்குக் காளை ரூம் ஆளா, வாட்ச்மேனா என்று தெரியாது. விரல் சூடாக இருந்தது. அலை நன்றாக எழுந்தது. அவன் பட்டனைத் தட்டினான்.

மதியம் போன் வந்தது. "அக்கா! தொண்ணூத்தேழு. ரத்தக்குழாய்க்கு என்னைய விட ரெண்டு வயசு கம்மியாம்!"

சோலையம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்து, மாரியம்மன் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். ஆனையூருக்குத் திரும்பியதும் தெருவுக்கே மைசூர்பாகு கொடுத்தாள். பலகையில் 'காளை மு.' என்றுதான் போட்டிருந்தார்கள். அவன் அதைப் போட்டோ எடுத்து அனுப்பினான். ஃபோனின் முகப்பில் அதையே வைத்துக்கொண்டாள்.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் பகல் ஷிப்டில், ரூமின் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவன் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். வெயிலில் உட்கார்ந்துகொண்டு, "குளுருதுடா" என்றான் பேயாண்டியிடம். பேயாண்டி முதலில் செய்த காரியம், கேன்டீனுக்கு ஓடி வாணலியை அடுப்பில் வைத்ததுதான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அது. உப்புப் பொட்டலத்தோடு திரும்பி வந்தபோது காளையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

பெரியாஸ்பத்திரியில் விரலில் கிளிப்பை மாட்டினார்கள். எண் வரவில்லை, கோடு கோடாகக் காட்டியது. வேறு விரல், மறு கை. கடைசியில் காது மடலில் மாட்டினார்கள். அங்கே வந்தது, வந்த எண் நன்றாக இல்லை. சோலையம்மாள் ஆனையூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தபோது டாக்டர் நாகஜோதியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். இளவயசு டாக்டர், தூக்கமில்லாத கண்.

"கை கால் இப்படிக் குளிர்ந்து கிடக்கறது எத்தனை நாளாம்மா?"

நாகஜோதி வாயைத் திறப்பதற்குள் சோலையம்மாள் முந்தினாள். "அவன் குளுர் ரூம்ல வேலை பாக்குறவன் சார். அதனால கை எப்பவும் அப்படித்தான்."

"சரிம்மா. லீவு நாள்ல?"

சோலையம்மாள் நாகஜோதியைப் பார்த்தாள். நாகஜோதி தரையைப் பார்த்தாள்.

"பொங்கலுக்கு முன்னாடி இருந்தே, சார்" என்றாள் நாகஜோதி மெதுவாக. "லீவுலயும்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடச் சோலையம்மாளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். இதயம் ரொம்பத் தளர்ந்துபோய்விட்டது, பம்ப் பண்ண மாட்டேன் என்கிறது, அதனால்தான் காலிலும் வயிற்றிலும் நீர் கோத்திருக்கிறது என்றார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் மாத்திரையிலேயே தாக்குப்பிடித்திருக்கலாம் என்றார். "இருக்கிற ரத்தத்தை மூளைக்கும் கிட்னிக்கும் கொடுக்கணும்ல, அதான் உடம்பு கை காலுக்கு நிறுத்திடுது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

வராந்தாவில் உட்கார்ந்து சோலையம்மாள் அந்தப் பேச்சைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மடையை அடைத்திருக்கிறான் என்று மட்டும்தானா அர்த்தம்? அணையில் தண்ணீர் இல்லாவிட்டாலும் கடைமடை காயத்தானே செய்யும். வாடிப்பட்டிப் பக்கத்தில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? எத்தனை வருஷம் கண்ணால் பார்த்தது. காய்ந்த வயலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, அந்த ஈரத்தைக் காட்டி, அணை நிறைந்திருக்கிறது என்று அவளே ஆள் வைத்துச் சொல்ல வைத்திருக்கிறாள். 'நீ எக்குனா டேப்பு என்ன செய்யும்' என்று தெருப் பெண்களை எல்லாம் வைதவள். பிரித்துத் தைத்த அந்த முக்கோண ஒட்டுத்துணி கண் முன்னால் வந்து நின்றது. அது சதை இல்லை, தண்ணீர். தண்ணீருக்கு அவள் இடம் விட்டுத் தைத்திருக்கிறாள்.

உள்ளே விட்டபோது காளை கண்ணைத் திறந்து கிடந்தான். அவள் பழக்கத்தில் அவன் கையை எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் தேய்க்கப் போனாள். அங்கிருந்த நர்ஸ், "தேய்க்காதீங்கம்மா. கை எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். குளிர் ஏறுதா இறங்குதான்னு அதை வச்சுத்தான் பார்த்துட்டிருக்கோம்" என்றாள். சோலையம்மாள் கையை எடுத்துக்கொண்டாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கட்டில் கம்பியில் வைத்தாள்.

"அக்கா" என்றான் காளை. பேச்சு மூச்சுக்கு நடுவில் துண்டு துண்டாக வந்தது. "அந்த மிஷின வையாதக்கா. அது பாவம்... நாம காட்டுனதப் பாத்துச்சு."

"பேசாதடா."

"பலகையில... பேரு நல்லாருந்துச்சுல்ல?"

"நல்லாருந்துச்சுடா."

"உனக்காகத்தாங்க்கா" என்றான். அவளைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னான். அதற்குப் பிறகு அவள் கேட்ட எந்தச் சொல்லும் அந்த அளவுக்கு அவளை அடிக்கவில்லை.

அந்த வாரத்தைத் தாண்டவில்லை. ஒரு விடியலில் முடிந்துவிட்டது.

காளையின் மகள் முனீஸ்வரி ஓசூரில் ஒரு பேக்டரியில் வேலை பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்து அப்பாவைப் பார்த்துவிட்டு, தேறிவருகிறார் என்று சொன்னதை நம்பி முதல் நாள் இரவுதான் திரும்பிப் போயிருந்தாள். அவள் வந்து சேரச் சாயங்காலம் ஆகும். சித்திரை வெயில் காலையிலேயே காளை வீட்டு ஓட்டின் மேல் ஏறி நின்றது. பேயாண்டி குட்டி யானை வண்டியில் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான்.

சோலையம்மாள் வாசலில் மறித்துக்கொண்டாள்.

"வேண்டாம். அதுக்குள்ள அவனை வைக்கக் கூடாது."

"அக்கா, வெயிலப் பாருக்கா..."

"வெயில்லயே கெடக்கட்டும்டா. ஆயுசுக்கும் குளுருலதான கெடந்தான்? செத்தும் ரூமுக்குள்ளயா கொண்டுபோய் அடைப்பீங்க?"

எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற பேயாண்டி, துண்டை வாயில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றான். உறவுக்காரர்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் நகரவில்லை. கடைசியில் நாகஜோதி எழுந்து வந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"மதினி, புள்ள வந்து முகத்தைப் பாக்கணும்ல."

உப்பு வறுத்த அன்றும் அவள் இதே படியில் நின்று இதே குரலில்தான் பேசியிருந்தாள். சோலையம்மாள் விலகி வழி விட்டாள்.

பெட்டிக்குள் படுக்க வைத்து மூடியை மூடியதும் மோட்டார் ஓடத் தொடங்கியது. பேயாண்டி குனிந்து, எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று பார்த்தான். தொழில் பழக்கம். பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண்ணாடியில் ஆவி படியப் படிய சோலையம்மாள் முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் கரண்ட் போயிற்று. மோட்டார் நின்றதும் ஆண்கள் ஜெனரேட்டருக்கு ஓடினார்கள். சோலையம்மாள் மட்டும் அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வராமல் இருக்கட்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். ஜெனரேட்டரைத் தேடிப் போனவர்கள் தெரு தாண்டுவதற்குள் கரண்ட் வந்துவிட்டது. பெட்டி மறுபடியும் உறுமியது.

பொழுது சாய முனீஸ்வரி வந்தாள். தோளில் பையோடு, பேக்டரி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து எடுக்காமல் ஓடி வந்து பெட்டியின் மேல் விழுந்தாள். கொஞ்சம் அடங்கியதும், அப்பாவைத் தொடவேண்டும் என்றாள். மூடியைத் திறந்தார்கள். உள்ளிருந்து குளிர் புகையாக வெளியே வந்து எல்லார் காலிலும் இறங்கியது.

அவள் அப்பாவின் வலது கையை எடுத்தாள். விரல்களைப் பிரித்து, உள்ளங்கையில் தன் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். பிறகு எதிரே நின்ற சோலையம்மாளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தை, எப்பவும் போலத்தான இருக்கு, அப்பா கை?" என்றாள்.

சோலையம்மாள் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தாள். எப்பவும் போலத்தான் இருந்தது.